பல்லி சோறு தின்னுமா?

புதுச்சேரி
12 நவம்பர் 1956

ஆனந்தமேரி அண்ணிக்கு வேளாங்கண்ணி எழுதுவது.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. காரைக்காலில் உங்கள் அம்மா வீட்டில் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். என் கோபமும் இங்கே நலமாக இருக்கிறது. பிலோமினாவுக்காக மட்டும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் ஆகிறது. வயிறு சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளை சாப்பிடுவதில்லை. தட்டை வைத்தால் முதலில் உத்தரத்தைப் பார்க்கிறாள். அங்கே பல்லி இருந்தால் எழுந்து போய்விடுகிறாள். இல்லாவிட்டால், "இப்ப இல்ல, அப்பறமா வரும்" என்று சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். பால் மட்டும் குடிக்கிறாள், அதுவும் தம்ளரைக் கையால் பொத்திக்கொண்டு. எட்டு வயதுப் பிள்ளை. கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கத் தைத்த கவுன் இப்போது தோளில் நிற்காமல் வழிகிறது.

"பல்லி நம்ம சோத்தத் தின்னத்தாம்மா வருது. தின்ன வந்துதான் உள்ள உழுவுது" என்கிறாள். அப்படி இல்லை என்று நான் சொன்னால் நம்பவில்லை. "ஒனக்குத் தெரியாது. அத்தைக்குத்தான் தெரியும். அத்தையக் கேட்டு எழுது" என்கிறாள். எறும்பு ஏன் வரிசையில் போகிறது, காக்கா எங்கே போய்ப் படுக்கிறது என்று எல்லாவற்றுக்கும் நீங்கள்தானே பதில் சொல்லிப் பழக்கினீர்கள்! இதற்கும் சொல்லுங்கள். பல்லி சோறு தின்னுமா, தின்னாதா?

நான் எழுதுவதால் எல்லாம் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவளுடைய புதுநன்மை விருந்துக்கு நாற்பது பேருக்குச் சமைத்தீர்கள். மதியம் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் மிச்ச ரசத்தை ஊற்றிக்கொண்ட பதினொரு பேரும் வாந்தி எடுத்தார்கள். கரண்டியோடு பல்லி வந்ததை நானே பார்த்தேன். ரசம் வைக்க என் கல்யாணச் சீர்ப் பித்தளைத் தவலையை நம்பிக் கொடுத்தேன், விருந்தாளிகள் முன்னால் பளிச்சென்று இருக்கட்டுமென்று. அதன்மேல் ஒரு தட்டு வைத்து மூட உங்களுக்குக் கை வரவில்லை. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருக்கிற பிள்ளையின் அப்பாவுக்கும் இதை அப்படியே எழுதிவிட்டேன்.

அண்ணன் வேலைக்குப் போய் வருகிறார். பேசுவதில்லை.

வேளாங்கண்ணி


காரைக்கால்
17 நவம்பர் 1956

அன்புள்ள வேளாங்கண்ணிக்கு,

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. உடனே பதில் எழுதியிருக்கலாம். பிள்ளையைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லக்கூடாது என்று இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் கோபத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் மழை பிடித்தது. ரசம் மொள்ள, மூடியிருந்த தட்டை எடுத்தவள் நான்தான். விறகு நனைகிறது என்று அப்படியே ஓடினேன். திரும்பி வரும்போது பெட்ரோமாக்ஸைச் சுற்றி ஈசல் மொய்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் திறந்து கிடந்ததோ, எனக்குத் தெரியவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து நான் அடுப்படிக்குள் போகவில்லை. அம்மா உலை வைக்கச் சொன்னால் தலைவலி என்று சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர் இருமினால்கூட ஓடிப் போய் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன்.

கீழே எழுதியிருப்பதைப் பிலோவுக்குப் படித்துக் காட்டு.

பிலோ கண்ணு, அத்தை எழுதுகிறேன். இந்த வீட்டுக் கூடத்தில் விளக்குக்கு மேலே இரண்டு பல்லி இருக்கின்றன. ஒன்று பெரியது, இன்னொன்று வால் அறுந்தது. சன்னல் கட்டையில் ஐந்து பருக்கைச் சோறு வைத்தேன். பெரிய பல்லி இறங்கி வந்தது. சோற்றின் மேலேயே கால் வைத்து நடந்து போனது, குனிந்துகூடப் பார்க்கவில்லை! அந்தப் பக்கம் ஒரு சின்னப் பூச்சி சிறகை அசைத்தது. அவ்வளவுதான், ஓடிப் போய்க் கவ்வி, சுவரில் இரண்டு அடி அடித்து விழுங்கிவிட்டது. அதே பூச்சி அசையாமல் இருந்தவரை பல்லியும் அசையவில்லை. மறுநாளும் சோறு வைத்துப் பார்த்தேன். மறுநாளும் அப்படித்தான். சோறு நடக்காது கண்ணு. நடக்காத சாப்பாட்டைப் பல்லி சாப்பாடு என்றே நினைப்பதில்லை. அது உத்தரத்தில் உட்கார்ந்து உன் தட்டைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கிறது. நீயும் ஒரு சாயங்காலம் பார்த்து, அத்தை சொன்னது சரியா என்று எழுது.

வேளாங்கண்ணி, அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுது.

ஆனந்தமேரி


புதுச்சேரி
26 நவம்பர் 1956

அண்ணிக்கு,

சாப்பிட்டாள்.

மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு முற்றத்துச் சுவரில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிச் சோற்றைத் தேய்த்து ஒட்டவைத்து, எதிரே மணை போட்டு உட்கார்ந்துகொண்டாள். பல்லி வந்தது, கொசு பிடித்தது, போனது. சோறு காய்ந்து சுவரிலேயே இருந்தது. "பாத்தியாம்மா? அதுக்கு வேணாமாம்!" என்று கத்தினாள். அன்றைக்குத் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள். நான் அடுப்படியில் போய் அழுதேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ரசத்தை மட்டும் இன்னும் தொடமாட்டேன் என்கிறாள். போகட்டும்.

இப்போது அவளுக்குப் பாடமே இதுதான். ஈசலைப் பிடித்தால் இறக்கை கீழே உதிர்கிறதாம், உடம்பு மட்டும் உள்ளே போகிறதாம். தின்று முடித்ததும் நாக்கை நீட்டிக் கண்ணையே துடைத்துக்கொள்கிறதாம். நாற்றம் பிடித்த பச்சைப் பூச்சி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். பெரிய பல்லி விளக்கடியில் உட்கார்ந்தால் சின்னது கிட்டே வராதாம். இதையெல்லாம் உங்களுக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நீங்கள் போன பிறகு விளக்குமாற்றை எடுத்து அடுப்படிப் பல்லிகளை ஒன்றுவிடாமல் விரட்டி அடித்திருந்தேன். இப்போது அங்கே கரப்பான் ஓடுகிறது. அரிசிப் பானையைத் திறந்தால் அந்துப்பூச்சி பறக்கிறது. பிலோ என்னைத் திட்டுகிறாள், "எல்லாத்தையும் தின்னுக்கிட்டு இருந்ததுங்களத் தொரத்திட்டியே!" என்று.

இன்னொன்று. குருசுக்குப்பத்துப் பூவாயி மீன் கொண்டுவந்தபோது ஒரு விஷயம் சொன்னாள். அன்றைக்குக் கரண்டியில் வந்த பல்லியை நீங்கள் கொல்லையில் வீசினீர்கள் அல்லவா, அதை நம் வீட்டுப் பூனை அப்போதே தின்றதாம். "என் கண்ணால பாத்தம்மா. வெசம்னா பூனை செத்திருக்கணுமே? அது நாலு குட்டி போட்டுட்டு நல்லாத்தானே திரியுது" என்றாள். பூனைக்கு எதுவும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அண்ணன் கேட்கவில்லை. ஆனால் நான் கடிதத்தை மேசைமேல் வைத்திருந்தேன். மறுநாள் அது வேறு மாதிரி மடிந்திருந்தது.

வேளாங்கண்ணி


காரைக்கால்
5 டிசம்பர் 1956

அன்புள்ள வேளாங்கண்ணிக்கு,

"சாப்பிட்டாள்" என்று நீ எழுதிய ஒரு வரியை அம்மாவுக்கும் இங்கே என் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுப் படித்தேன்.

பிலோவுக்கு முதலில் ஒரு திருத்தம் சொல்லவேண்டும். நடக்காததைத் தொடாது என்று எழுதினேன், அது முழுக்கச் சரியில்லை. நேற்று அம்மா வாழைப்பழத்தை உரித்து வைத்திருந்தாள். கனிந்து தேன்போல வடிந்திருந்த இடத்தை வால் அறுந்த பல்லி நக்கியது. சுவரில் தெறித்த தண்ணீர்த் துளியையும் நக்குகிறது. தோல் உரித்தால் அந்தத் தோலையே தின்றுவிடுகிறது. ஆனால் சோற்றுக்கு இதுவரை ஒன்றுகூட வரவில்லை. அது சத்தியம். பழத்தை மட்டும் மூடி வைக்கச் சொல்.

பூனை விஷயத்தைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் மனம் ஒரு நிலையில் இல்லை. பல்லியால் இல்லையோ என்று ஒரு நினைப்பு வரும். உடனே, பிள்ளையை வாந்தியும் மயக்கமுமாக ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டது கண்ணில் வரும். ஆசைப்பட்டு நம்பிவிட்டுப் பிறகு இல்லையென்று ஆனால் என்னால் தாங்க முடியாது. அதனால் பூனையைப் பற்றி இனி எழுதாதே.

கோபமில்லை என்று முன்னே எழுதினேனா? மறுப்பு இல்லை என்றுதான் எழுதினேன். கோபம் உண்டு. அன்று ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேர் நடுவில், "என் புள்ளைக்கு வெசம் வெச்சிட்டா" என்றாய். வைத்துவிட்டாள் என்பது வேறு, விழுந்துவிட்டது என்பது வேறு. உன் மகளைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்குப் பிள்ளை இல்லாததால் பொறாமை என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். நீ திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் அண்ணனும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது, "கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

இதை எழுதிய பிறகு கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

ஆனந்தமேரி


புதுச்சேரி
29 டிசம்பர் 1956

அண்ணிக்கு,

திருநாள் வாழ்த்து. எழுதத் தாமதமாகிவிட்டது. கிறிஸ்மஸ் அன்று எனக்கும் அண்ணனுக்கும் உடம்பு சரியில்லாமல் போனது. வயிறுதான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் எழுந்துவிட்டோம். பிலோவுக்கு ஒன்றுமில்லை, ஆட்டம்தான்.

வேறு விசேஷம் இல்லை. நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். பதில் எழுத வேண்டும். இன்றைக்கு முடியவில்லை.

வேளாங்கண்ணி


காரைக்கால்
4 ஜனவரி 1957

வேளாங்கண்ணிக்கு,

உன் கடிதத்தை இப்போதுதான் பார்த்தேன். வயிறு என்றால் என்ன? வாந்தியா? என்ன சாப்பிட்டீர்கள்? மூடி வைத்திருந்தாயா? டாக்டரிடம் போனீர்களா? அவர் வெயிலில் நடந்து வேலைக்குப் போகிறாரா? உன் கையெழுத்துக்கூட உன்னுடையது மாதிரி இல்லை. என்னிடம் எதையோ மறைக்கிறாய். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் தயவுசெய்து மறைக்காதே. அவரிடம் சொல்லி ஒரு தந்தியாவது அடிக்கச் சொல்.

ஆனந்தமேரி


புதுச்சேரி
13 ஜனவரி 1957

அன்புள்ள அண்ணிக்கு,

பிள்ளை நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை எழுத இது நான்காவது தாள். முதல் மூன்றும் அடுப்பில் போயின.

நீங்கள் இல்லை அண்ணி. பல்லியும் இல்லை. என் தவலை.

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் சாயங்காலமே ரசம் வைத்துவிட்டேன், பூசைக்குப் போகவேண்டும், காலையில் நேரம் இருக்காது என்று. உங்களுக்குப் பாடம் கற்பிப்பதுபோல அந்தத் தவலையிலேயே வைத்தேன். தட்டுப் போட்டு மூடி, அதன்மேல் வெள்ளைத் துணியை நானே என் கையால் இறுக்கிக் கட்டினேன். மறுநாள் மதியம் நானேதான் அவிழ்த்தேன். பல்லி இல்லை, ஈ இல்லை, ஒரு தூசி இல்லை. நானும் அண்ணனும் ஊற்றிச் சாப்பிட்டோம். கை கழுவிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அன்றைக்கு மாதிரியே வாந்தி. அதே வயிற்று முறுக்கல், வாயில் அதே செம்புக் காசைச் சப்பியது மாதிரி ஒரு ருசி. பிலோ ரசத்தைத் தொடாததால் தப்பித்தாள்.

வெளியே நடக்கத் தெம்பு வந்ததும், முப்பத்தொன்றாம் தேதி, தவலையைத் தூக்கிக்கொண்டு ஈயம் பூசுகிற பக்கிரியிடம் போனேன். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"ஈயமே இல்லியேம்மா. எப்பப் பூசினது?"

"கல்யாணத்துக்கு."

"அதான் எப்ப?"

"ஒம்பது வருசம் ஆவுது."

"ஒம்பது வருசமா! புளித்தண்ணிய இதுல ஊத்தி வெச்சா பித்தளைக் களிம்பு எறங்காம என்ன பண்ணும்? ஒடனே எடுத்துட்டாத் தப்பிக்கலாம். நேரம் ஆவ ஆவ வெசம்மா இது. யாராச்சும் சாப்ட்டீங்களா?"

பல்லி விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உழுந்தா எடுத்துப் போட்டுட்டுக் கொட்டிடுவாங்க. அருவருப்பு வேற, வெசம் வேறம்மா" என்றார்.

மதியம் சாப்பிட்டவர்கள் தப்பியதும், சாயங்காலம் சாப்பிட்டவர்கள் விழுந்ததும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரசம் அவ்வளவு நேரம் அதில் கிடந்திருக்கிறது. மண் சட்டியில் வைக்கலாம் என்று நீங்கள் அன்று சொன்னீர்கள். நான்தான் சட்டியா என்று சிரித்தேன். ஈசலுக்கு வந்த பல்லி கால் தவறி விழுந்து, என் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. நான் அதை உங்கள் தலையில் போட்டேன்.

இதைவிட மோசமானதையும் எழுதவேண்டும். தெரிந்த பிறகும் பதின்மூன்று நாள் சும்மா இருந்தேன். தவலையை அங்கேயே விற்றுவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுகூட நினைத்தேன். என் மகளை நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அப்போது நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. அவ்வளவு திட்டு வாங்கியவள், எனக்கு வாந்தியா, டாக்டரிடம் போனேனா என்று கேட்கிறீர்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

நேற்று சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். எழுந்து கை கழுவினார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "நீயாவது தெரியாம சொன்ன. எனக்கு அவளத் தெரியுமே. தெரிஞ்சும் பஸ் ஏத்தி உட்டேன்" என்றார். லீவு கேட்கப் போயிருக்கிறார்.

அல்ஜீரியாவுக்கும் எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அன்று நின்றவர்கள் யார் யாரென்று நினைவுபடுத்தி, பூவாயியிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். நேற்றும் இன்றுமாக ஆறு வீடு முடிந்தது. பொறாமை என்று முணுமுணுத்தவள் யாரென்றும் எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்குக் கடைசியாகப் போவேன், அங்கே கொஞ்சம் அதிக நேரம் ஆகும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை. வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

உங்கள்
வேளாங்கண்ணி


காரைக்கால்
20 ஜனவரி 1957

அன்புள்ள வேளாங்கண்ணிக்கு,

"நீங்கள் இல்லை அண்ணி" என்ற இடத்துக்கு மேல் எனக்கு எழுத்து தெரியவில்லை. தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து அம்மா பதறிப்போய், "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டாள். "யாரும் போவலம்மா. பொழச்சிட்டேன்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு முழுக்கப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு அப்படித் தூங்கினேன், விடிந்து வெயில் காலில் சுட்ட பிறகுதான் எழுந்தேன். இரண்டரை மாதத்தில் முதல் தூக்கம்.

நீ பதின்மூன்று நாள் மறைத்தது எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் லேசாக இருக்கிறது. வேறு யாரோ ஒருத்தியுடைய புடவையை உடுத்தியதுபோல, என்மேல் ஒட்டாமல் நிற்கிறது. பிள்ளைக்குக் கேடு செய்தவள் நான் இல்லை என்பதற்கு முன்னால் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

உன் அண்ணன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தார். கையில் குடை மட்டும். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "வேளாங்கண்ணி லெட்டர் வந்துதா?" என்று கேட்டார். வந்தது என்றேன். "அப்ப நான் சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

"அவ சொல்ல வேண்டியத அவ சொல்லிட்டா. நீங்க சொல்ல வேண்டியது இன்னும் இருக்கு" என்றேன். உட்காரச் சொல்லவில்லை. அம்மா பின்னால் நின்று என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தாள், நான் திரும்பவில்லை.

குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "நான் அன்னிக்கே ஒன் பக்கத்துல நின்னிருக்கணும் ஆனந்தி. பல்லியே உழுந்து, அதாலயே வந்திருந்தாலும் நின்னிருக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் குடையை வாங்கி உள்ளே வைத்தேன்.

இந்த இரண்டு நாளும் நான்தான் சமைக்கிறேன். நேற்று அவர் மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கினார். மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் அம்மா சிரித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலைப் பஸ்ஸில் கிளம்புகிறோம். பொழுது சாய்வதற்குள் அங்கே வந்துவிடுவோம். பஸ் நிற்கிற இடத்துக்குப் பூவாயியோடு பிலோவை அனுப்பு. நீ வராதே. வாசலிலும் நிற்காதே. உன்னிடம் நான் நிறையச் சண்டை போடவேண்டும். வாசலில் உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன், சண்டை போட முடியாமல் போய்விடும். உள்ளேயே இரு. நான் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

ஆனந்தமேரி